செக்ரோல் சொல்லாமல் விட்டவை

ஒரு தோட்டத் தொழிலாளி எவ்வளவு காலத்துக்கு வேலைக்கு அமர்ந்திருக்கிறார், எத்தனை நாளுக்கு ஒருமுறை கணக்கு முடித்துக் கூலி பெற வேண்டும், வேலையை விட நினைத்தால் எவ்வளவு முன்னதாகச் சொல்ல வேண்டும் என்ற கேள்விகளுக்கு இலங்கையிலும் மலாயாவிலும் இருந்த தோட்டங்களின் பதிவேடுகளில் பெரும்பாலும் விடை எழுதப்பட்டதில்லை. எழுதப்படாததால் விடை இல்லாமல் போய்விடவும் இல்லை. ஒப்பந்தம் பேசாமல் விட்ட இடத்தைச் சட்டம் தன் சொல்லால் நிரப்பியது, அந்தச் சொல்லோ பிறிதோரிடத்தில், பிறிதொரு மொழியில், தொழிலாளியின் கைக்கு எட்டாத ஏட்டில் இருந்தது. ஒருவர் எதையும் குறிப்பிடாதபோது தானாகவே வந்து பொருந்தும் இத்தகைய மதிப்பைக் கணினித் துறையினர் இயல்பிருப்பு மதிப்பு என்பர். அதை ஆவணத்திலேயே வெளிப்பட எழுதிவிடுவதா, விதிநூலில் மட்டும் வைத்துக்கொண்டால் போதுமா என்பது தரவு அமைப்புகளை வரைவோர் இன்றும் வாதிடும் கேள்வி. தேயிலைத் தோட்டங்கள் அந்தக் கேள்வியோடு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்திருக்கின்றன. பகாங் மாநிலத்தின் ரிங்லெட் அந்த வரலாற்றின் பிற்பகுதி நிகழ்ந்த இடங்களுள் ஒன்று.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய பாதை பேராக் மாநிலத்தில் தொடங்கி, மாநில எல்லையைக் கடந்து பகாங்குக்குள் நுழைந்தபின் எதிர்ப்படும் முதல் சிற்றூர் ரிங்லெட். செமாய் மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவந்த இந்த மேட்டுநிலத்தை 1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் குறித்துவைத்தபோதிலும், 1920களின் நடுவில் பிரித்தானிய ஆட்சி அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் அதை மலைவாசத்தலமாக்க முனைந்த பிறகே அரசின் கவனம் அங்கே திரும்பியது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்னும் பிரித்தானிய வணிகர், இலங்கையில் தேயிலை வளர்த்துத் தேர்ந்த ஏ. பி. மில்ன் என்பவரோடு சேர்ந்து, ரிங்லெட்டை அடுத்த ஹாபுப் பகுதியின் சரிவுகளில் போ என்னும் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். மில்ன் இலங்கையிலிருந்து வந்தவர் என்பது இங்கே கருதத்தக்கது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த தோட்ட ஒழுங்கு, ஆள் திரட்டி மேற்பார்க்கும் கங்காணி, காலை ஆளெண்ணிக்கையான பெரட்டு, செக்ரோல், தொழிலாளர் வரிசை வீடான லயம் என்ற சொற்களோடு சேர்த்தே, வங்காள விரிகுடாவின் இரு கரைகளுக்கும் பொதுவாக இருந்தது. ஒரு தோட்டத்தைத் திறப்பவர் அதன் நடைமுறையைப் புதிதாக யோசித்து எழுதத் தேவையிருக்கவில்லை.

செக்ரோல் என்பது தோட்டத்தின் பெயர்ப்பதிவேடு. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் நிரையாக நிற்க, வந்தவரை எண்ணிப் பெயருக்கு நேரே குறியிடுவதும், மாத முடிவில் அக்குறிகளைக் கூட்டி, முன்பணத்தையும் அரிசிக் கணக்கையும் கழித்து, மீதியைக் கூலியாகக் காட்டுவதும் கிராணி எனப்பட்ட எழுத்தரின் வேலை. பெயரும் நாளும் பற்றும் வரவும் அதில் இருந்தன. வேலையின் நிபந்தனைகளுக்கு அதில் இடமில்லை. அந்த வெற்றிடத்தை முதலில் நிரப்பியது இலங்கைச் சட்டம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், வேறுவிதமாக வெளிப்படப் பேசிக்கொள்ளாத வாய்மொழி வேலை ஒப்பந்தம் ஒவ்வொன்றும் ஒரு மாதத்துக்கானது என்றும், மாதந்தோறும் தானே புதுப்பிக்கப்படுவது என்றும் கொள்ள வேண்டும் என விதித்தது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளரைக் குறித்து ஒரு படி மேலே சென்று, ஒருவருடைய பெயர் தோட்டத்துச் செக்ரோலில் இருந்து, அவர் அரிசியாகவோ பணமாகவோ முன்பணம் பெற்றிருந்தால், கூலி நாள் விகிதத்தில் கணக்கிடப்பட்டாலும், அவர் மாத ஒப்பந்தத்தில் இருப்பவராகவே கருதப்படுவார் என்றது.

இந்த விதியின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. கூலி நாளுக்கு, கட்டு மாதத்துக்கு. வேலை இல்லாத நாளில் தோட்டம் கூலி தரத் தேவையில்லை, ஆனால் தொழிலாளி அந்த நாளில் எழுந்து போய்விடவும் முடியாது. முன்னறிவிப்பின்றிப் போனால் அது ஒப்பந்த மீறல் என்ற அளவில் நிற்காமல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகவும் இருந்தது, 1865ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு மூன்று மாதம் வரை சிறை வைத்தது. வேறுவிதமாகப் பேசிக்கொள்ளலாம் என்ற உரிமையைச் சட்டம் இரு தரப்புக்கும் சமமாகவே தந்திருந்தது என்று வாதிடலாம். ஆனால் ஊரில் கங்காணியிடம் கைநீட்டி வாங்கிய முன்பணத்தோடு வந்தவர், துரையின் முன்னே நின்று தன் ஒப்பந்தம் ஒரு வாரத்துக்கானதே என்று வெளிப்பட நிபந்தனை பேசியிருக்க முடியும் என்பது ஏட்டளவிலான சமத்துவம். அந்தத் தோட்டங்களில் எதுவுமே எழுத்தில் வைக்கப்படவில்லை என்றும் சொல்ல இயலாது. ஒரு கங்காணியின் கூட்டம் இன்னொரு தோட்டத்துக்கு மாறும்போது அதன் கடன் தொகையைக் குறித்துத் தரப்பட்ட துண்டு என்ற சீட்டு கவனமாகவே எழுதப்பட்டது. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொண்டது. 1921இல் ஒழிக்கப்படும் வரை துண்டு செல்லுபடியான ஆவணமாக இருந்தது. கடனை எழுதத் தெரிந்த தோட்டம் நிபந்தனையை எழுதவில்லை என்பதை மறதி என்று கொள்வதற்கில்லை: சட்டம் நிரப்பித் தந்த மதிப்பு தோட்டத்துக்கு ஏற்றதாக இருந்தவரை, அதை எழுதிக் காட்டுவதால் தோட்டத்துக்கு ஆவது ஒன்றுமில்லை.

எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற முடிவுக்கும் இதனால் வந்துவிட முடியாது. மலாயாவில் ஒப்பந்தக்கூலி முறை என வழங்கியது, காலமும் கூலியும் கடமையும் எழுத்தில் குறிக்கப்பட்ட முறை. தொழிலாளி ஆண்டுக்கணக்கில் ஒரே முதலாளியிடம் கட்டுண்டு கிடந்ததும் அதே எழுத்தின் வலிமையால்தான். அதற்கான ஆளெடுப்பு 1910இல் நின்றது. அதற்குப் பின் ஓங்கிய கங்காணி முறையில் எழுத்து ஒப்பந்தம் இல்லை. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகிக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இருந்தது, தொழிலாளி அந்த அளவுக்குச் சுதந்திரமானவர் எனப்பட்டார். கடனும் உறவும் ஊர்க்கட்டும் அந்தச் சுதந்திரத்தை எவ்வளவு குறைத்தன என்பது தனியாக ஆராயத்தக்கது. ஆயினும் எழுத்தில் கட்டப்பட்ட மூன்றாண்டைவிட எழுத்தில்லாத ஒரு மாதம் இலகுவானது என்பதை மறுக்க முடியாது. அமைதி யாருக்கு நன்மை செய்கிறது என்பது, அந்த அமைதியை நிரப்பும் விதியை யார் வகுத்தார்கள் என்பதைப் பொறுத்தது.

1920களில் விதியை வகுக்கும் கை சற்றே மாறியது. இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், உடலுழைப்புக்காக வெளிநாடு செல்வதை இந்திய அரசு ஏற்ற நாடுகளுக்கு, ஏற்ற நிபந்தனைகளின் மேல் மட்டுமே அனுமதித்தது; மலாயாவில் இந்திய அரசின் முகவர் ஒருவர் அமர்த்தப்பட்டார். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்த கூட்டு மலாய் மாநிலங்களில் 1923இல் தொழிலாளர் சட்டத்தொகுப்பு வந்தது. ஆகவே தாப்பாவில் வண்டியேறி ரிங்லெட்டில் இறங்கிய தொழிலாளி மாநிலம் மாறினாலும் சட்டம் மாறவில்லை. இந்தியக் குடியேற்றக் குழு வகுத்த தரக்கூலி, அதாவது ஒரு வட்டாரத்துத் தோட்டங்கள் தென்னிந்தியத் தொழிலாளருக்குத் தர வேண்டிய அடிப்படைக் கூலி, இக்காலத்துப் புதுமை. எளிதில் சென்றடையக்கூடிய வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும், பகாங்கின் உட்பகுதி போல் எட்டாத் தொலைவில் இருந்தவற்றில் 58 காசும் 46 காசும் என 1920களின் பிற்பகுதியில் அது வகுக்கப்பட்டது. முக்கிய வட்டாரங்கள் சிலவற்றுக்கு மட்டுமே கூலி முறைப்படி அறிவிக்கப்பட்டாலும், மற்ற வட்டாரத் தோட்டங்களும் அதை ஒட்டியே கூலி கொடுத்தன என்பதால், ஒரு தாளிலும் எழுதப்படாத தோட்டத்துக்கும் அது எழுதாத விதியாகியது. 1930இன் பொருளாதார மந்தத்தில் அந்தக் கூலி குறைக்கப்பட்டபோது அதே வழியாகவே குறைவும் பரவியது: தனி ஒப்பந்தம் எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை, ஒரே இடத்தில் எண்ணை மாற்றியது போதுமானதாக இருந்தது. 1938இல் கூலி மறுபடியும் குறைந்ததை ஒட்டி, உதவிபெற்றுச் செல்லும் குடியேற்றத்தை இந்திய அரசு அந்த ஆண்டு ஜூனில் தடைசெய்தது.

இந்த இடத்தில் கணினித் துறையின் வாதத்தைச் சற்று விரித்துக் காண்பது பயன் தரும். எக்ஸ்எம்எல் என்பது தரவைப் பெயரிட்ட குறிகளுக்குள் வைத்து ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்ப உதவும் எழுத்துமுறை. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதை 1998 பிப்ரவரியில் பரிந்துரையாக வெளியிட்டது. அத்தகைய ஆவணத்தில் எவையெவை எந்த வடிவில் இருக்கலாம் என வகுக்கும் விதிநூல் ஸ்கீமா எனப்படும். அதே கூட்டமைப்பின் எக்ஸ்எம்எல் ஸ்கீமா 2001 மே மாதத்தில் வந்தது. ஒரு தோட்டம் தன் ஆட்களின் விவரத்தை இவ்வாறு எழுதி அனுப்புவதாகக் கொண்டால், கூலிக்காலம் என்ற பண்பு குறிக்கப்படாத இடத்தில் ஒரு மாதம் எனக் கொள்க என்று ஸ்கீமாவில் விதிக்கலாம். ஸ்கீமாவைப் படித்துச் சரிபார்க்கும் மென்பொருள் அந்த மதிப்பைத் தானே சேர்த்துக்கொள்ளும். ஸ்கீமாவைப் படிக்காத மென்பொருளுக்கு அந்த இடம் வெறுமையாகவே தெரியும். ஒரே ஆவணம் இருவர் கையில் இரு வேறு பொருள் தருகிறது என்பதே இதிலுள்ள இடர். இந்த இடரைக் கருதியே, அதே ஆண்டில் ஜேம்ஸ் கிளார்க்கும் முராத்தா மக்கோத்தோவும் உருவாக்கிய ரிலாக்ஸ் என்ஜி என்ற மாற்று விதிமொழி, ஆவணம் விதிக்கு உட்பட்டதா என்று பார்ப்பதோடு நின்றுகொண்டு, மதிப்பைச் சேர்க்கும் வேலையைத் தன் மையத்திலிருந்து விலக்கிவைத்தது. எக்ஸ்எம்எல் ஸ்கீமாவில் இன்னொரு நுட்பமும் உண்டு: பண்பு என்ற உறுப்பு அடியோடு விடுபட்டிருந்தாலும் அதற்குரிய மதிப்பு சேரும், தனிக்குறியாக எழுதப்படும் கூறுக்கோ, குறி இருந்து உள்ளே வெறுமையாக இருந்தால் மட்டுமே மதிப்பு சேரும், குறியே இல்லையெனில் சேராது. 1889ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. செக்ரோலில் பெயர் இருந்து நிபந்தனை வெறுமையாக இருந்தால் சட்டம் வந்து நிரப்பும். பெயரே இல்லாதவரை அந்த விதி தொடுவதில்லை.

சுதந்திரத்துக்கு முன்பு நிறைவேறி, 1957 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த மலாயாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், தோட்டங்களின் நூற்றாண்டுப் பழக்கத்தைத் தன்னுள் வாங்கிக்கொண்டு அதன் திசையைத் திருப்பியது. 18ஆம் பிரிவின்படி கூலிக்காலம் ஒரு மாதத்தை மிஞ்சக்கூடாது, ஒப்பந்தத்தில் அது குறிக்கப்படவில்லையெனில் ஒரு மாதம் என்றே கொள்ளப்படும். இலங்கைச் சட்டத்தின் அதே மாதம்தான், ஆனால் இங்கே அது தொழிலாளியைக் கட்டும் காலமாக அல்ல, முதலாளி கூலியைத் தள்ளிப்போட முடியாத எல்லையாக நிற்கிறது. 19ஆம் பிரிவு, கூலிக்காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் கூலி தரப்பட வேண்டும் என்கிறது. தோட்டங்களுக்கென்றே எழுதப்பட்ட 16ஆம் பிரிவு, நாட்கணக்கில் கூலி பெறும் தோட்டத் தொழிலாளிக்கு மாதத்தில் 24 நாளேனும் வேலை கொடுக்க வேண்டும், கொடுக்க முடியாமற்போனால், அவர் வேலைசெய்ய விருப்பமும் உடல்நலமும் உடையவராக இருந்த நாள்களுக்கு வேலை செய்ததாகவே கருதிக் கூலி தர வேண்டும் என்கிறது. நாட்கூலி, மாதக்கட்டு என்ற பழைய ஏற்பாட்டின் சுமை இவ்வாறு இடம் மாறியது: கட்டு மாதத்துக்கு என்றால், கூலியும் ஏறத்தாழ மாதத்துக்கே என்றாயிற்று. மழைமிகுந்த மலைச்சரிவில், கொழுந்து குறையும் காலமும் நிறையும் காலமும் மாறிமாறி வரும் தேயிலைத் தோட்டத்துக்கு இத்தகைய எண் எவ்வளவு பொருளுடையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முன்னறிவிப்பு பற்றிய 12ஆம் பிரிவே இந்தச் சட்டத்தில் இயல்பிருப்பு மதிப்பின் தூய வடிவம். முன்னறிவிப்பின் காலம் இரு தரப்புக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அது எழுத்திலுள்ள ஒப்பந்தம் சொல்லும் காலமாக இருக்கும். எழுத்தில் எதுவும் இல்லையெனில், இரண்டாண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு நான்கு வாரம், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் பணியாற்றியவருக்கு ஆறு வாரம், ஐந்தாண்டும் அதற்கு மேலும் பணியாற்றியவருக்கு எட்டு வாரம் என்பவற்றுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு இங்கே செல்லாது, எழுத்து மட்டுமே சட்டத்தின் மதிப்பை விலக்கும். இதனால் விளைவது, எழுத்தே தொழிலாளியின் காவல் என்று பழகிய மனத்துக்குச் சற்று விநோதமாகப் படக்கூடியது: ஒரு வாரம் போதும் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தவரைவிட, ஒரு தாளும் இல்லாமல் இருபதாண்டு கொழுந்து பறித்தவர் நல்ல நிலையில் இருக்கிறார், ஏனெனில் அவருடைய அமைதியைச் சட்டம் எட்டு வாரத்தால் நிரப்புகிறது. சட்டத்தை ஆக்கியோர் இந்த ஓட்டையை ஓரளவு உணர்ந்திருந்தனர். தொழில் மூடப்படுதல், ஆட்குறைப்பு போன்ற காரணங்களால் வேலை போகும்போது, ஒப்பந்தம் எதைச் சொன்னாலும் அந்த நான்கும் ஆறும் எட்டும் வாரங்களே குறைந்த அளவு என்று அதே பிரிவு அடுத்துச் சொல்கிறது. ஸ்கீமா மொழியில் இதற்கும் இணை உண்டு: மாற்றி எழுத இடந்தரும் மதிப்பு ஒன்று, எழுதினாலும் அதே மதிப்பாகத்தான் எழுத வேண்டும் எனப் பூட்டப்பட்ட மதிப்பு மற்றொன்று. 7ஆம் பிரிவு மூன்றாவது வகையொன்றைத் தருகிறது. சட்டம் தருவதைவிடக் குறைவான நன்மை தரும் ஒப்பந்தக் கூற்று அந்த அளவுக்குச் செல்லாததாகி, அதனிடத்தில் சட்டத்தின் கூற்று வந்தமர்கிறது. மேலே எவ்வளவும் எழுதலாம், கீழே எழுத முடியாது. இவ்வளவு நுட்பமான கீழெல்லை விதி எக்ஸ்எம்எல் ஸ்கீமாவின் இயல்பிருப்பு மதிப்புக்கு இல்லை என்பதை இங்கே குறித்துவைக்கலாம். ஓர் எல்லைக்குக் கீழான மதிப்பை ஸ்கீமா பிழையென்று திருப்பி அனுப்புமேயன்றி, திருத்தி ஏற்றுக்கொள்ளாது.

விதிநூல் மாறும்போது என்ன ஆகும் என்பது வெளிப்பட எழுதுவதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் மலேசியாவில் வாரத்துக்கு உரிய வேலைநேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. நேரத்தைக் குறிக்காமல் விட்ட ஒப்பந்தம் அந்த நாளில் தானே புதுப்பிக்கப்பட்டது. 48 என்று அச்சிட்டிருந்த ஒப்பந்தமோ 7ஆம் பிரிவின் துணையில்லாமல் பழைய எண்ணிலேயே உறைந்து நின்றிருக்கும். கணினித் துறையிலும் இதே நிலைதான்: ஆவணம் எழுதப்பட்ட நாளின் மதிப்பை ஆவணத்திலேயே பதித்தவர், அந்த நாளில் நடந்தது என்ன என்பதற்குச் சான்று வைத்திருக்கிறார், விதிநூலை நம்பி விட்டவர், விதிநூல் மாறிய மறுநாளே பழைய ஆவணத்துக்குப் புதுப்பொருள் தந்துவிடுகிறார். கூலிச்சீட்டு போன்ற நடந்து முடிந்ததன் பதிவில் மதிப்பை எழுதியே ஆக வேண்டும் என்பதும், இனி நடக்க வேண்டியதைச் சொல்லும் ஒப்பந்தத்தில் எழுதும் எண்ணோடு சட்டத்தின் கீழெல்லையையும் சுட்டிவைக்க வேண்டும் என்பதும் தோட்ட வரலாற்றிலிருந்து பெறத்தக்க முடிவு. மலேசியச் சட்டம் இந்த இரண்டையும் ஏற்கெனவே கேட்கிறது. 1957ஆம் ஆண்டு வேலை ஒழுங்குவிதிகளின்படி கூலி விகிதம், மிகைநேர விகிதம், வேலைநேரம், முன்னறிவிப்புக் காலம், விடுமுறை, கூலிக்காலம் ஆகியவை பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். அவ்விவரங்கள் வேலை தொடங்கும் நாளிலோ அதற்கு முன்போ தொழிலாளிக்கும் தரப்பட வேண்டும். செக்ரோலில் இல்லாதிருந்த நிரல்கள் இவையே. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 101சி என்ற புதிய பிரிவால் பெயரே இல்லாதவரையும் எட்டிப் பிடித்தது: எழுத்து ஒப்பந்தம் எதுவும் இல்லாத நிலையிலும், பிறர் ஒருவருடைய வேலையின் முறையையும் நேரத்தையும் தீர்மானிப்பது போன்ற அடையாளங்கள் இருந்தால், மறுத்து நிறுவப்படும் வரை அவர் தொழிலாளியாகவே கருதப்படுவார்.

கேமரன் மலைத் தோட்டங்களில் இன்று கொழுந்து பறிப்போரில் பெரும்பாலார் வங்கதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து, காலமும் கூலியும் எழுதப்பட்ட ஒப்பந்தத்தோடு வருபவர்கள். மாதம் 1,500 ரிங்கிட் என்று எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வந்தவருக்கும், 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சக் கூலியான 1,700 ரிங்கிட் தரப்பட வேண்டும். ஆனால் அதே ஒப்பந்தத்தில் முன்னறிவிப்பு ஒரு வாரம் என்று எழுதியிருந்தால், ஆட்குறைப்பு அல்லாத நிலையில் அந்த ஒரு வாரமே செல்லும்.